தட்டாத மேளம்

நான் ஓய்வுபெற்றுப் பல வருடங்களாகிவிட்டன. போன மாதம், நான் வேலைசெய்த ஆஸ்பத்திரியின் பேச்சுப் பயிற்சிப் பிரிவில் இப்போது வேலைசெய்கிற பிள்ளைகள் இரண்டு பேர் கொழும்பு கொட்டாஞ்சேனையில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்காக ஒரு சிறு புத்தகம் போடுகிறார்களாம். குழந்தைகள் ஒருவர் மாறி ஒருவர் முறை வைத்துக் கதைக்கப் பழகுவது எப்படி என்று நான் எழுதித்தர வேண்டுமாம்.

"உங்கட எக்ஸ்பீரியன்ஸ எழுதுங்கோ மிஸ். ரெண்டு மூண்டு நல்ல கேஸ். வாசிக்கிற ஆக்களுக்கு ஒரு உற்சாகம் வரவேணும்" என்றாள் வந்தவர்களில் ஒருத்தி, தர்ஷினி. பிறகு, எந்தக் கேஸ் எனக்கு நன்றாக ஞாபகம் என்று கேட்டாள். நான் வாய் திறக்க முதல் அடுத்த கேள்வியைக் கேட்டாள். அதற்குப் பதிலையும் அவளே சொன்னாள். கை போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தது. இவளா பிள்ளைகளுக்கு முறை பழக்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் தேத்தண்ணீர் போட எழும்பினேன்.

உற்சாகம் வருகிற கேஸ்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கதைக்க வந்த பிள்ளைகள் கதைக்கப் பழகிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களின் பெயர்கள் எனக்கு மறந்துபோய்விட்டன. மறக்காத பெயர் ஒன்றுதான். அதை எழுதினால் தர்ஷினி புத்தகத்தில் போடுவாளோ தெரியாது. போடாவிட்டால் போகட்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பத்திரிகையில் விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தேன், எடுத்தார்கள். காதின் படம், தொண்டையின் படம், ஆங்கிலத்தில் பாடம், சிங்களத்தில் சிரிப்பும் பகிடியும். எங்கள் தொகுதியில் தமிழ் நான் ஒருத்திதான். படித்ததில் பாதி பரீட்சையோடு போய்விட்டது. மிச்சம் நின்றதெல்லாம் எங்கள் பிரிவுக்குத் தலைவியாக இருந்த மிஸஸ் பெரேரா கிள்ளிக் கிள்ளிப் பழக்கியது.

கிள்ளி என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. மிஸஸ் பெரேரா குட்டையான மனுசி. எப்போதும் வெள்ளைச் சேலை. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கமாகக் கட்டியிருப்பார். பிள்ளையிடம் ஒன்றைக் கேட்டால் கையை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். பார்க்கிறவர்களுக்குச் சும்மா இருக்கிற மாதிரித் தெரியும். உண்மையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணவேண்டும், பத்துக்கு முன்னால் வாயைத் திறக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். நாங்கள் மூன்றிலேயே உடைந்துவிடுவோம். "என்ன, சொல்லுங்கோ, பந்தா? பந்துதானே?" என்று பிள்ளைக்குப் பதிலாக நாங்களே சொல்லிவிடுவோம். உடனே மேசைக்குக் கீழே தொடையில் கிள்ளு விழும். "பிள்ளையின் முறையைத் திருடாதே, நங்கி" என்பார். சிங்களத்தில் தங்கச்சியைக் கூப்பிடுகிற சொல் அது. அவர் கதைத்ததெல்லாம் சிங்களம். நான் தமிழில் எழுதுகிறேன். கோபம் ஏற ஏற அவருடைய குரல் இறங்கும். அவர் குசுகுசுத்தால் அன்றைக்கு யாருக்கோ நாள் சரியில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

கதைப்பது என்பது சொல்லுக்கு முன்னாலேயே தொடங்குகிறது என்று அவர்தான் எங்களுக்குக் காட்டினார். பால் குடிக்கிற குழந்தை கொஞ்சம் உறிஞ்சும், நிறுத்தும். நிறுத்தினதும் தாய் மெல்லக் குலுக்குவாள். அவள் குலுக்கி நிறுத்த, குழந்தை திரும்ப உறிஞ்சும். இருவரும் முறை மாறுகிறார்கள், இருவருக்கும் அது தெரியாது. மூன்று மாதத்தில் குழந்தை "ங்கா" என்னும். தாய் "ஓமோ, பிறகு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். பால் குடித்து ஏவறை விட்டாலும் அதைப் பதிலாக எடுத்துக்கொள்வாள். ஒன்பது, பத்து மாதத்தில் பொருளைக் கொடுத்து வாங்கி விளையாடும். இரண்டு வயதில் பதில் வரும், ஆனால் தாமதமாக வரும். அதற்குள் பெரியவர்கள் விழுந்தடித்துக்கொண்டு கதைத்துவிடுவார்கள். நாலு வயதில் சேலையைப் பிடித்து இழுத்து "அம்மா, அம்மா, அம்மா" என்று நடுவில் புகும். இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் மூச்செடுக்கிற இடம் பார்த்து நுழைவது பள்ளிக்கூடம் போகிற வயதில்தான் பிடிபடும். சில பேருக்கு அறுபது வயதிலும் பிடிபடுவதில்லை.

இதற்கெல்லாம் காது மட்டும் போதாது. மற்றவர் முடிக்கப்போகிறார் என்பதைக் குரலுக்கு முன்னால் முகம் சொல்லிவிடும். பிள்ளைகள் அதைத்தான் பார்க்கிறார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மிஸஸ் பெரேராவுக்கு இன்னொரு சட்டம் இருந்தது. எந்தப் பிள்ளை வந்தாலும், தாய் என்ன சொன்னாலும், முதலில் காது. அந்தக் காலத்தில் எங்கள் அறையில் மெஷின் இல்லை. ஒருவர் பிள்ளைக்கு முன்னால் இருந்து ஒரு சின்ன விளையாட்டுச் சாமானைக் காட்டி அதன் கவனத்தைப் பிடித்து வைத்திருக்கவேண்டும். மற்றவர் பிள்ளைக்குத் தெரியாத மாதிரி பின்பக்கம் சற்று விலகி நின்று, மெல்லிய தாளைக் கசக்குவார், கோப்பையில் கரண்டியைச் சுற்றுவார், கடைசியில் தகர மேளத்தைத் தட்டுவார். பிள்ளை திரும்புகிறதா என்று பார்க்கவேண்டும். கஷ்டமான வேலை பின்னால் நிற்கிறவருக்கு இல்லை, முன்னால் இருக்கிறவருக்குத்தான். மேளம் தட்டும்போது அவருடைய கண் ஒரு நூல்கூட உயரக்கூடாது. உயர்ந்தால் பிள்ளை கண்ணைப் பார்த்துத் திரும்பிவிடும், காதால் அல்ல. "உன் முகத்தைப் பூட்டு, நங்கி" என்பார்.

யுத்தம் நடந்த வருடங்கள் அவை. கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறினால் ஆஸ்பத்திரி வருவதற்குள் இரண்டு இடத்தில் இறங்கி அடையாள அட்டையைக் காட்டவேண்டும். துப்பாக்கியோடு நிற்கிற ஆமிக்காரரைக் கண்டு, பஸ்ஸுக்குள் எங்கள் பிள்ளைகள் "அம்மா, அந்த மாமா ஏன் துவக்கு வச்சிருக்கிறார்?" என்று தமிழில் கேட்கும். தாய் யன்னலுக்கு வெளியே பார்ப்பாள். திரும்பவும் கேட்டால் வாயைப் பொத்துவாள். கேள்வி கேட்டாலும் பதில் வராமலே போகலாம் என்று எங்கள் பிள்ளைகள் எந்தப் பாடப் புத்தகத்திலும் சொல்லாத வயதில் படித்துக்கொண்டார்கள். அப்படி வாயடைத்துப்போன பிள்ளைகள் வடக்கிலிருந்தும் வந்தார்கள், வெள்ளவத்தை லொட்ஜுகளிலிருந்தும் வந்தார்கள். தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் எல்லாரும் என் மேசைக்கே வந்தார்கள். நான் எழுதியதை வேறு யாரும் சரிபார்ப்பதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

கௌசி வந்தபோது அவளுக்கு நாலு வயது. தாய் சாந்தி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார்கள். தகப்பன், பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் வெளிநாட்டுக்குப் போனவர். அவர் கூப்பிடும்வரைக்கும்தான் இங்கே இருப்பு.

"எப்ப இருந்து கதைக்கிறா இல்லை?" என்று கேட்டேன்.

"ஷெல் விழுந்ததில இருந்துதான் மிஸ். அப்ப ஒண்டரை வயசு. அம்மா, தா, இந்தா எண்டு நாலஞ்சு சொல்லுச் சொல்லிக்கொண்டிருந்தவள். வீட்டுக்குப் பக்கத்தில ரெண்டு விழுந்தது. உடுத்த உடுப்போட வெளிக்கிட்டம். கோயில் மண்டபத்தில இருக்கேக்க காய்ச்சலும் வந்தது, எட்டு நாள் கண் முழிக்கேல்லை. அதுக்குப் பிறகு சொல்லெல்லாம் போட்டுது. என்ன கேட்டாலும் தலையாட்டி ஓம் எண்டு மட்டும் சொல்லுவாள்."

எங்கள் படிவத்தில் வந்த காரணம் எழுத ஒரு வரிதான் இருந்தது. நான் "ஷெல் அதிர்ச்சி" என்று எழுதினேன். எட்டு நாள் காய்ச்சலை எழுதவில்லை. மூளைக் காய்ச்சல் பிள்ளையின் காதைக் கொண்டுபோய்விடும் என்பது முதல் மாதத்திலேயே படித்த பாடம். ஆனால் ஷெல் என்ற சொல்லைக் கேட்டபிறகு எனக்கு வேறொன்றும் காதில் விழவில்லை.

மிஸஸ் பெரேரா அன்றைக்கு வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நான் அலுமாரியைத் திறந்து தகர மேளத்தை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து வெளியே யாரோ இரும்புத் தள்ளுவண்டியைச் சுவரில் மோதினார்கள். எங்கள் அறை பழைய பலகைத் தரை. காலுக்குக் கீழே அதிர்ந்தது. கௌசி திடுக்கிட்டுத் தாயின் மடியில் ஏறினாள்.

"பாத்தீங்களே மிஸ், இப்பிடித்தான். சத்தமெண்டா நடுங்குவாள்" என்றார் சாந்தி.

என் கையில் மேளம் இருந்தது. ஷெல்லுக்குள் இருந்து வந்த குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று இதைத் தட்டுவதா என்று நினைத்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேளத்தைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தேன். அதற்குப் பதிலாக, தாயை முன்னால் இருத்திவிட்டு, நான் பின்னால் நின்று மெதுவாக "கௌசி" என்றேன். பெயரைக் கேட்டதும் தாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தாயைப் பார்த்த கௌசி திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் படிவத்தில் காது என்ற இடத்தில் சரி போட்டேன்.

ஒன்றரை வருடம் அவள் என்னிடம் வந்தாள். அவளைப்போல முறை வைக்கத் தெரிந்த பிள்ளையை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. பந்தை உருட்டினால் வாங்கித் திரும்ப உருட்டுவாள். நான் கதைத்து முடித்துப் புருவத்தை உயர்த்தினால் "ஓம்" என்பாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பாள். ஒருநாளும் நடுவில் புகமாட்டாள். காது கேட்கிற பிள்ளைகள்தான் நடுவில் புகும் என்பது எனக்கு உறைக்கவில்லை. "சொல்லுத்தான் இல்லை, முறை அழகாக இருக்கிறது, பயம் தெளியச் சொல் வரும்" என்று பயிலுநர்களைக் கூப்பிட்டு இருத்தி அவளைக் காட்டினேன். அதை இப்போது எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலி வீதியில் இருந்த ஒரு கொமியூனிகேஷன் கடைக்குத் தகப்பன் அழைப்பு எடுப்பார். அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் பாதிப்பேருக்கு அங்கேதான் வெளிநாட்டு அழைப்பு வரும்.

"போனில மட்டும் சரிவருதில்லை மிஸ்" என்றார் சாந்தி ஒருநாள். "அவர் கௌசி, கௌசி எண்டு கூப்பிடுவார். இவள் ரிசீவரைக் காதில வச்சுக்கொண்டு என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிப்பாள். நான் தலையாட்டினா ஓம் எண்டுவாள். அவர் கேட்டு முடிக்க முதலே ஓம் எண்டுவாள். பிள்ளைக்குத் தன்னில கோவமோ எண்டு அவர் அழுறார்."

இதைவிடத் தெளிவாக ஒரு தாய் எப்படிச் சொல்வாள்? எனக்குப் படிப்பு இருந்தது. சின்னப் பிள்ளைகள் போனுக்குள் தலையாட்டுவார்கள், முகம் தெரியாத ஆளோடு கதைப்பது கடைசியில்தான் வரும், அது வளர்ச்சியில் ஒரு படி, பயப்படாதேங்கோ என்று கால் மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். சொன்னதில் ஒன்றும் பிழையில்லை. அந்தப் பிள்ளைக்குத்தான் பொருந்தவில்லை. சாந்தி ஓம் மிஸ், ஓம் மிஸ் என்று கேட்டுக்கொண்டு போனார்.

முதலாம் வகுப்பில் சேர்க்க ஒரு கடிதம் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். கடிதத்துக்கு மிஸஸ் பெரேராவின் கையெழுத்து வேண்டும். அவரைக் கூப்பிட்டு என் கெட்டிக்கார மாணவியைக் காட்டினேன். அவர் மூலையில் ஒரு கதிரையில் இருந்து கையை மடியில் மலர்த்தி வைத்தார். நானும் கௌசியும் பந்து உருட்டினோம், படம் பார்த்தோம். நடுவில் நான் குனிந்து எதையோ எழுதினேன். எழுதிக்கொண்டே "கௌசி, பூனை எங்க?" என்று கேட்டேன். அவள் பேசாமல் இருந்தாள். நிமிர்ந்து திரும்பக் கேட்டேன். பூனையைக் காட்டினாள். எத்தனையோ தரம் நடந்த விஷயம். நான் கவனித்ததேயில்லை.

மிஸஸ் பெரேரா எழும்பினார். "நீ எழுதும்போது அவள் நின்றுவிடுகிறாள்" என்றார் மிக மெதுவாக. "மேளத்தை எடு."

நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் பின்னால் போனார். நான் கௌசியின் முன்னால் ஒரு மரப் பொம்மையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் மேளத்தைத் தட்டினார். கௌசி திரும்பினாள். எனக்குப் போன உயிர் திரும்ப வந்தது.

"நீ சொல்லிக்கொடுத்தாய்" என்றார் மிஸஸ் பெரேரா. "உன் கண் மேலே போனது. முகத்தைப் பூட்டு."

தரை அதிராமல் இருக்கக் கௌசியின் கதிரைக்குக் கீழே ஒரு மெத்தையை மடித்துப் போட்டார். நான் பொம்மையை மட்டும் பார்த்தேன். பின்னால் அவர் மேளத்தைத் தட்டினார். சாந்தி வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார், அவருக்கே கேட்டிருக்கும். எனக்குக் காது விறைத்தது. கௌசி பொம்மை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கிட்ட வந்து திரும்பவும் தட்டினார். கௌசி என்னைப் பார்த்தாள். என் முகம் பூட்டியிருந்தது. ஏதோ தன்னுடைய முறை என்று நினைத்திருக்கவேண்டும். என்னைப் பார்த்து "ஓம்" என்றாள்.

மிஸஸ் பெரேரா மேளத்தை மேசையில் வைத்தார். என்னுடைய பழைய படிவத்தை எடுத்து, சரி போட்ட இடத்தில் விரலை வைத்தார். ஏன் தட்டவில்லை என்று கேட்டார். ஷெல்லைப் பற்றிச் சொன்னேன். பாவமாக இருந்தது என்றேன்.

அவர் படிவத்தை மடித்து வைத்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "சிங்களப் பிள்ளையாக இருந்திருந்தால் நீ தட்டியிருப்பாய்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷெல் யார் அடித்தது என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. அதைக் கேட்கக்கூடிய காலமில்லை, கேட்கக்கூடிய இடமுமில்லை. அதைவிட, அவர் சொன்னது சரி. எந்த மொழிப் பிள்ளை என்றாலும் அவர் தட்டியிருப்பார். நான்தான் எங்கள் பிள்ளை என்று இரங்கி, அந்த இரக்கத்தாலேயே அவளுடைய ஒன்றரை வருடத்தைத் தின்றேன். அந்த வயதில் ஒன்றரை வருடம் போனால் போனதுதான், பிறகு எந்த மெஷினாலும் அதை முழுதாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. அவர் மேல் அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. என் மேல் வந்ததும் போகவில்லை.

மெஷின் இருக்கிற இடத்துக்கு அனுப்பினோம். இரண்டு காதும் பெரும்பகுதி போயிருந்தது. காது கேட்கிற கருவி கொடுத்தார்கள். அப்போதைய கருவி இப்போது மாதிரிக் காதுக்குப் பின்னால் ஒளிந்திருக்காது. நெஞ்சில் ஒரு பெட்டி, அதிலிருந்து காதுவரைக்கும் வயர். சாந்தி பூப்போட்ட துணியில் பை தைத்து அதைப் பிள்ளையின் நெஞ்சில் கட்டினார். கட்டிக்கொண்டு முதல்நாள் வெளியே போனபோதே சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். தமிழ்ப் பிள்ளை, நெஞ்சில் பெட்டி, சட்டைக்குள் வயர். சாந்தியை ஒரு பக்கம், பிள்ளையை ஒரு பக்கம் வைத்து, பையை அவிழ்க்கச் சொன்னார்களாம். மிஸஸ் பெரேரா சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் சாந்தி வீதிக்கு இறங்க முன் கருவியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துவிடுவார். அறைக்குள் மட்டும்தான் கௌசிக்குக் காது. வெளியே, கடைக்காரரும் பஸ்ஸும் கடலும் இருக்கிற இடத்தில், ஒன்றுமில்லை. கழற்றாதேங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்ன நடந்தது என்று தாயிடம் நானே சொல்லவேண்டும் என்பது மிஸஸ் பெரேராவின் உத்தரவு. "கேட்பாள், நீ பதில் சொல்" என்றார். சாந்தி கேட்டார்தான்: "முதலே தெரிஞ்சிருக்க ஏலாதோ மிஸ்?" நான், ஷெல் சத்தத்தில் காது கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகியிருக்கிறது, இப்போதுதான் கூடியிருக்கிறது என்றேன். எல்லாப் பழியையும் தாங்க ஷெல் இருந்தது. அடுத்தநாள் மிஸஸ் பெரேரா "சொன்னாயா?" என்று கேட்டார். "சொன்னேன்" என்றேன். அவர் கையை மலர்த்தி வைத்துக்கொண்டு பத்து வரை காத்திருந்தார். நான் உடையவில்லை. அவர் பழக்கிய பழக்கம்தானே.

கருவியோடு கௌசி சில சொற்கள் பழகினாள். "அம்மா" திரும்ப வந்தது. "தா" வந்தது. கொமியூனிகேஷன் கடைக்குள் போனபின் கருவியைத் திரும்பக் கட்டி, ரிசீவரை அந்த நெஞ்சுப் பெட்டியில் வைத்துப் பிடித்து, தகப்பனுக்கு "அப்பா" என்று ஒருநாள் சொன்னாளாம். பிள்ளை பிறந்து ஏழாவது வருடம், ஓம் அல்லாமல் அவர் கேட்ட முதல் சொல். அடுத்த சொல்லுக்கு அவர் காத்திருந்திருக்கிறார். அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

விசா வந்ததும் சாந்தி கௌசியைக் கூட்டிக்கொண்டு ஒரு கேக் பெட்டியோடு கிளினிக்குக்கு வந்தார். மிஸஸ் பெரேராவுக்குக் கை கூப்பிவிட்டு என்னிடம் வந்தார். அழுதார். கௌசி எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் மறக்கமாட்டன் மிஸ்" என்றார் சாந்தி. "பிறகு போன இடமெல்லாம் மணி அடிச்சு, தகரம் தட்டி, பிள்ளையைப் படுத்தின பாடு. முதல்நாள் நீங்கள் மேளத்தைக் கையில எடுத்துப்போட்டு, இவளைப் பாத்திட்டு, திரும்ப அலுமாரிக்குள்ள வச்சனீங்கள். நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். நீங்கள் ஒராள்தான் எங்கட பிள்ளையெண்டு பாத்தனீங்கள். என்ன மிஸ், அப்பிடித்தானே?"

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூலையில் மிஸஸ் பெரேரா கையை மடியில் மலர்த்தி வைத்திருந்தார். தமிழ் விளங்காவிட்டாலும் இது யாருடைய முறை என்று அவருக்குத் தெரியும். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். ஆறோ ஏழோ வரும்போது சாந்தியின் புருவம் மெல்ல உயர்ந்தது.

"ஓம்" என்றேன்.